மம்மல்

மம்மல் என்பது பொழுதுபட்ட பின், இருள் முற்றும் முன் வரும் மங்கல் நேரத்துக்கு யாழ்ப்பாணத்தார் வழங்கும் பெயர். மைமல், மைம்மல் என்றும் சொல்வர். வெளிச்சம் கொஞ்சம் இருந்தும், எதிரே நிற்பவரை இன்னாரென்று மட்டுக்கட்ட ஏலாத நிலையே இதன் உட்பொருள்.

சங்க நூல்களில் மயக்கம், கலக்கம் என்னும் பொருள்களில் வரும் மம்மர் என்ற சொல்லை இதன் மூலமாகக் கொள்ளலாம். பந்தல் பந்தர் என்றும், சாம்பல் சாம்பர் என்றும் நிற்பதை இலக்கண நூலார் கடைப்போலி என்பர். மம்மலையும் அவ்வரிசையில் வைக்கலாம். கருமையைக் குறிக்கும் மை என்பதிலிருந்து பிறந்ததென்பாரும் உளர். மம்மரே மூலமாயின், மனத்தின் மயக்கத்தைச் சொன்ன சொல் கண்ணின் மயக்கத்துக்கு வந்து, பின் அந்த நேரத்துக்கே பெயராயிற்று எனலாம்.

மம்மல் போன்ற சொற்கள் வழங்கும் யாழ்ப்பாணக் குடாநாட்டில் தமிழ்ச் சொற்களைத் திரட்டும் முயற்சி பழையது. சந்திரசேகர பண்டிதரின் மானிப்பாய் அகராதி 58,500 சொற்களுடன் 1842இல் அமெரிக்க மிசன் அச்சகத்தில் வெளிவந்தது. யாழ்ப்பாணத்தில் தொடங்கிய தொகுப்புப் பணியே 1862இல் வின்சுலோவின் பேரகராதியாக முடிந்தது. பின்வந்த சென்னைப் பல்கலைக்கழகத் தமிழ் லெக்சிகன் யாழ்ப்பாண வழக்குக்கெனத் தனிக் குறியீடே வைத்தது.

நெருங்கிய பொருளுள்ள சொற்களோடு ஒப்பிட்டால் மம்மலின் அருமை புரியும். செக்கல் வானத்தின் சிவப்பைச் சொல்வது. கருக்கல் இருட்டைச் சொல்வது, விடியற்காலைக்கும் பொருந்தும். மம்மலோ நிறத்தையும் சொல்லாது, இருளின் அளவையும் சொல்லாது. பார்ப்பவரின் தெளிவின்மையையே சொல்லும். படலையடியில் யாரோ நிற்க, திண்ணையிலிருந்து “ஆரது?” என்று குரல் வரும். “நான்தான் பெரியம்மா” என்றதும், “மம்மலுக்கை ஆரெண்டு தெரியேல்லையடா மோனை, உள்ளுக்கை வா” என்பார். இந்த வாக்கியத்தில் மம்மலை எடுத்துவிட்டு மாலை என்று வைத்தால் பொருள் போய்விடும். விளக்கு வைக்கும் நேரமும் இதுவே. யாழ்ப்பாணம் நிலநடுக்கோட்டுக்கு அண்மையிலுள்ள நிலமாதலால் மம்மல் நீளாது. சூரியன் மறைந்து ஏறத்தாழ 20 நிமிடத்தில் கழிந்துவிடும்.

1990இல் போரால் மின்சாரம் நின்று, சாம் (ஜாம்) போத்தலில் செய்த விளக்கோடு குடாநாடு வாழ்ந்த ஆண்டுகளில் இந்நேரம் மீண்டும் முழுதாய் உணரப்பட்டது. இன்று இச்சொல் பெரும்பாலும் முதியோர் பேச்சிலும் ஈழத்துக் கதைகளிலும் வழங்குகிறது.