எண் போட்ட நொடி

அரங்கின் பின்திரையில் ஒரு குதிரை இடமிருந்து வலமாக ஓடுகிறது. திரை மிக அகலம். ஒரு புரொஜெக்டர் போதாமல் மூன்று வைத்திருக்கிறார்கள். படத்தை மூன்றாகப் பிரித்து, விளிம்புகளை ஒன்றன்மேல் ஒன்று கரையவிட்டு ஒட்டியாயிற்று. நடுவிலுள்ள புரொஜெக்டர் மூன்று ஃபிரேம் பின்தங்கினால் போதும், குதிரையின் கழுத்து ஒட்டுப்போட்ட இடத்தில் முறிந்துவிடும். நொடிக்கு 25 ஃபிரேம் கணக்கில் அந்தத் தாமதம் ஏறக்குறைய ஒரு நொடியில் எட்டில் ஒரு பங்குதான். ஆனாலும் கண் அதைப் பிடித்துவிடும்.

மேடை விளக்குகளுக்கு இந்தக் கவலை வெகுகாலம் இருந்ததில்லை. 1986-ல் அமெரிக்க நாடக அரங்கத் தொழில்நுட்பக் கழகம் விளக்குகளுக்குக் கட்டளை அனுப்ப டிஎம்எக்ஸ் 512 என்ற பொது மொழியை வகுத்தது. ஒரே கேபிளில் 512 சேனல். ஒவ்வொரு சேனலிலும் 0 முதல் 255 வரை ஏதாவது ஓர் எண். சேனல் அத்தனையும் நிரம்பியிருந்தால், நொடிக்குச் சுமார் 44 முறை அந்த எண்கள் திரும்பத் திரும்பப் போய்க்கொண்டிருக்கும். வெளிச்சத்தைக் கூட்டிக் குறைக்கும் டிம்மருக்கு இது தாராளம். எவ்வளவு வெளிச்சம் என்று சொன்னால் போதும், எந்த நேரத்து வெளிச்சம் என்று அது கேட்காது.

2000-களின் தொடக்கத்தில் விளக்கே படம் காட்டத் தொடங்கியது. டோனி காட்லியரும், 1960-களில் பிங்க் ஃபிளாய்டு குழுவுக்கு ஒளியமைத்த பீட்டர் வின் வில்சனும் புரொஜெக்டரின் முன்னால் பொருத்தும் சுழல் கண்ணாடி ஒன்றை வடிவமைத்தார்கள். டெக்சாஸின் ஹை எண்ட் சிஸ்டம்ஸ் அதை ‘கேட்டலிஸ்ட்’ என்று சந்தைக்குக் கொண்டுவந்தது. பின்னால் வந்த டிஎல்.2 விளக்கில் புரொஜெக்டர், திரும்பும் தலை, படம் ஓட்டும் கணினி மூன்றும் ஒரே உடலுக்குள். தொல்லையும் அங்கேதான் தொடங்கியது. ஒவ்வொரு விளக்கும் தன் சொந்தக் கடிகாரத்தை நம்பிப் படம் ஓட்டியது. கடிகாரத்தின் குவார்ட்ஸ் படிகம் பத்து லட்சத்தில் 50 பங்கு தவறினால், ஒரு மணி நேரத்தில் 0.18 நொடி விலகும். அதாவது நான்கரை ஃபிரேம். எல்லாவற்றையும் ஒன்றாகத் தொடங்கிவைப்பதால் மட்டும் அவை ஒன்றாக ஓடிவிடாது.

இதற்கான மருந்து ஏற்கெனவே இருந்தது, மேடையில் அல்ல, தொலைக்காட்சி எடிட்டிங் அறையில். 1956-ல் ஆம்பெக்ஸ் வீடியோ டேப்பைக் காட்டியபோது எடிட்டர்களுக்கு ஒரு புதுத் துன்பம் வந்தது. ஃபிலிமை வெளிச்சத்தில் பிடித்தால் படம் தெரியும். டேப்பில் ஒன்றும் தெரியாது. நுண்ணிய இரும்புத் துகள் கலந்த திரவத்தைத் தடவி, காந்தத் தடங்களைக் கண்ணுக்குத் தெரியவைத்து, பிளேடால் வெட்டி ஒட்டினார்கள். அந்தப் பொறுமையை நினைத்தால் இன்றும் மலைப்பாக இருக்கிறது.

1967-ல் கலிஃபோர்னியாவின் ஈக்கோ நிறுவனம் ஒவ்வொரு ஃபிரேமுக்கும் ஓர் எண் போட்டது: மணி, நிமிடம், நொடி, ஃபிரேம். ஆளுக்கொரு முறையாகப் பிற நிறுவனங்களும் எண் போடவே, எஸ்எம்பிடிஇ என்ற பொறியாளர் சங்கம் டைம்கோடு எனப்படும் இந்த எண்முறைக்கு ஒரே தரத்தை நிறுவியது.

அதன் கட்டமைப்பை நான் வியக்காத நாளில்லை. ஃபிரேமுக்கு 80 பிட். அவற்றில் கடைசி 16 ஓர் அடையாளக் குறி: நடுவே பன்னிரண்டு ஒன்றுகள், முன்னால் இரண்டு சுழியம், பின்னால் ஒரு சுழியமும் ஒரு ஒன்றும். இரு முனையும் வேறுவேறாக இருப்பதால், டேப் முன்னே ஓடுகிறதா பின்னே ஓடுகிறதா என்பதைக் கருவி கண்டுகொள்ளும். சிக்னல் தலைகீழாகப் புரண்டாலும் படித்துவிடும். எல்லாவற்றுக்கும் மேலாக, அது வெறும் ஒலி. நொடிக்கு 25 ஃபிரேமில் 2000 பிட். சாதாரண ஆடியோ டிராக்கில் பதியலாம், மைக் கேபிளில் அனுப்பலாம்.

இந்த ஒலிக் குணம்தான் டைம்கோடை மேடைக்கு அழைத்துவந்தது. இசைக்குழுவின் பாடல் ஒரு டிராக்கில், டைம்கோடு இன்னொன்றில். பாட்டு ஒலிபெருக்கிக்குப் போகும். டைம்கோடு லைட் போர்டுக்கும் படம் ஓட்டும் கணினிகளுக்கும் போகும். தவறிப்போய் அதுவும் ஒலிபெருக்கிக்குள் புகுந்தால் காதைக் கிழிக்கும் இரைச்சல். இப்போது விளக்குக்கு வரும் கட்டளை ‘படத்தை ஓட்டு’ என்பதோடு நிற்பதில்லை; ‘இது 01:12:07:18’ என்றும் சொல்கிறது. விலகிய விளக்கு தன் ஃபிரேமை அந்த எண்ணோடு ஒப்பிட்டுச் சேர்ந்துகொள்கிறது.

இவ்வளவுக்குப் பிறகும் டிஎம்எக்ஸ் எண்கள் தங்கள் போக்கில்தான் வந்துகொண்டிருந்தன. 1998-ல் லண்டனின் ஆர்ட்டிஸ்டிக் லைசென்ஸ் அவற்றை ஈதர்நெட்டில் ஏற்றி ஆர்ட்நெட் என்று பெயரிட்டது. அதில் பின்னர் ஆர்ட்சிங்க் சேர்ந்தது. வந்த எண்களைப் பெறும் கருவிகள் கையில் வைத்துக்கொண்டு காத்திருக்கும். ஆர்ட்சிங்க் செய்தி வந்ததும் எல்லாம் ஒரே நேரத்தில் வெளியே விடும். இதேபோல் டிஎம்எக்ஸ் எண்களை ஈதர்நெட்டில் அனுப்பும் அமெரிக்கத் தரமான இ1.31-இல் இதே ஏற்பாடு 2016-ல்தான் வந்தது, டிஎம்எக்ஸ் பிறந்து 30 ஆண்டுகள் கழித்து.