கீயெஸ் எழுத்துக்கள் கணினியில் இடம்பெற்ற வரலாறு

எத்தியோப்பியத் திருச்சபையின் வழிபாட்டு மொழியாகிய கீயெஸ், இன்று எவருக்கும் தாய்மொழியன்று. எனினும், யூதா நிருபத்தின் 14, 15ஆம் வசனங்கள் நினைவூட்டும் ஏனோக்கின் புத்தகம் முழுமையாக எஞ்சியிருப்பது அம்மொழியில் மட்டுமே. ஆதலின் அவ்வெழுத்துக்கள் கணினியில் எங்ஙனம் குறிக்கப்படுகின்றன என்பது இயந்திர வல்லுநருக்கு மட்டுமே உரிய செய்தியன்று. திருமறை ஆய்வாளருக்கும் உரியது.

தென் அரேபிய எழுத்திலிருந்து பிறந்த கீயெஸ் எழுத்து, தொடக்கத்தில் மெய்யொலிகளை மட்டுமே குறித்தது. 4ஆம் நூற்றாண்டில், அக்சும் நாட்டரசன் எசானா கிறிஸ்தவனான காலத்தில், மெய்யெழுத்தின் உருவைச் சற்றே மாற்றி உயிரொலியைக் காட்டும் வழக்கம் தோன்றியது. 26 மெய்கள் ஒவ்வொன்றும் ஏழு உயிர்களோடு சேர 182 எழுத்துக்களாயின. இதழ் குவித்து ஒலிக்கும் 20 எழுத்துக்களையும் கூட்டினால் 202 ஆகும்.

இப்பெருக்கமே கணினிக்கு இடர் விளைத்தது. பழைய முறையில் ஓர் எழுத்துருத் தொகுதிக்கு 256 இடங்களே இருந்தன. அவற்றிலும் பல ஆங்கில எழுத்துக்கும் குறிகளுக்கும் உரியவை. எனவே கீயெஸ் எழுத்துக்களை இரண்டு மூன்று தொகுதிகளாகப் பிரித்தனர். ஒவ்வொரு நிறுவனமும் தன் விருப்பப்படி எண் இட்டமையால், ஒருவர் எழுதியது மற்றொருவர் கணினியில் பொருளற்ற குறிகளாய்த் தோன்றிற்று.

1999இல் வெளிவந்த ஒருங்குறியின் 3.0 பதிப்பு இதற்குத் தீர்வு கண்டது. ஒருங்குறியில் தமிழின் 'கி' என்பது ககரம் ஒன்றும் உயிர்க்குறி ஒன்றுமாக இரு எண்களால் ஆனது. கீயெஸுக்கோ ஒவ்வோர் உயிர்மெய்க்கும் தனி எண். மெய் ஒன்றுக்கு எட்டு இடங்கள் வீதம் ஒதுக்கப்பட்டன; ஏழு உயிர்களுக்கு ஏழு, எட்டாவது பெரும்பாலும் இதழ்குவி வடிவத்துக்கு. மகர வரிசை 4632இல் தொடங்கும். மு 4633, மீ 4634, மா 4635. எண்ணை எட்டால் வகுத்தால் வரும் மீதியே உயிரைச் சொல்லிவிடும். பள்ளிச் சிறுவர் மனனம் செய்யும் எழுத்துப் பலகையையே எண்ணாக மாற்றியது போன்ற எளிய ஏற்பாடு இது.

ஆனால் வரிசையைக் காட்டிலும் முக்கியமானதென நான் கருதுவது வேறொன்று. கீயெஸில் சகர ஒலிக்கு இரண்டு எழுத்துக்கள் உண்டு. முற்காலத்தில் வெவ்வேறாய் ஒலித்த அவை இன்றைய அம்ஹாரிக் மொழியில் ஒன்றாகவே ஒலிக்கின்றன. ஹகரத்தில் மூன்று எழுத்துக்கள் அவ்வாறே மயங்கின. பயனற்றவற்றை நீக்கிவிடலாம் என்னும் சீர்திருத்த யோசனைகள் 20ஆம் நூற்றாண்டில் எழுந்ததுண்டு. அம்ஹாரிக் நாளிதழுக்கு அது வசதியாயிருக்கலாம். கீயெஸ் வேதத்துக்கோ பேரிழப்பு. 'சரக்க' என்னும் சொல்லை ஒரு சகரத்தால் எழுதினால் 'சூரியன் உதித்தது' என்று பொருள். மற்றொன்றால் எழுதினால் 'திருடினான்' என்று பொருள். 'சஅல' என்பது ஓரெழுத்தால் 'வேண்டிக்கொண்டான்', மற்றோரெழுத்தால் 'சித்திரம் வரைந்தான்'. ஒருங்குறி அமைத்தோர் இவற்றை ஒன்றாக்கவில்லை. ஒரு சகர வரிசை 4640இலும் மற்றது 4656இலும் தனித்தனியே தொடங்குகின்றன. ஒருமுறை கொடுத்த எண்ணைத் திரும்பப் பெறுவதில்லை என்பது ஒருங்குறியின் விதியாதலால், இனி அவற்றைக் கலக்க இயலாது.

2005, 2010, 2021 ஆகிய ஆண்டுகளில் குராகே முதலிய பிற மொழிகளுக்கான எழுத்துக்களும் சேர்க்கப்பட்டன.

தனித்தனி எண்களால் தொல்லையும் இல்லாமலில்லை. அம்ஹாரிக்கில் ஒரே சொல்லைப் பலர் பலவாறு எழுதுவதால், கணினியில் தேடுவோர்க்குப் பாதி கிட்டாமற் போகும். அதற்காக இரட்டை எழுத்துக்களை ஒன்றெனக் கொண்டு தேடும் நிரல்களை எழுதுகின்றனர். கீயெஸ் சுவடிகளுக்கு அவற்றை அப்படியே பயன்படுத்துவது தகாது. பிற்காலத்துச் சுவடி எழுத்தர்களே தம் செவியை நம்பி இவ்வெழுத்துக்களை அடிக்கடி மாற்றி எழுதினர். அவர்கள் எழுதியவாறே பதிப்பாசிரியர் இன்று பதிவு செய்யலாம். எந்தச் சுவடியில் எந்தச் சகரம் நின்றது என்பதை ஒவ்வொரு சொல்லாக ஒப்பிட்டும் பார்க்கலாம்.