புழுங்கலும் தீட்டலும்: அரிசிப் பக்குவத்தின் வரலாற்றில் உடல்நலமும் உழைப்பும்

ஆய்வுச்சுருக்கம்

ஆலைகள் வருமுன் தமிழர் தீட்டாத அரிசியை உண்டு நலமுடன் வாழ்ந்தனர் என்றும், இயந்திரம் அரிசியை வெளுத்ததால் நோய் வந்தது என்றும் இன்று பரவலாகக் கூறப்படுகிறது. இருபதாம் நூற்றாண்டின் முற்பாதியில் மலாயாவிலும் குன்னூரிலும் நிகழ்ந்த பெரிபெரி ஆய்வுகளைக் கொண்டு இக்கூற்றை இக்கட்டுரை மறுபரிசீலனை செய்கிறது. தமிழ் மாவட்டங்களின் எளிய மக்களுக்குக் காப்பாக அமைந்தது பதப்படுத்தாமை அன்று. நெல்லைப் புழுக்குதல் என்னும் பதப்பாடே என்பது இதன் கருத்து.

திறவுச்சொற்கள்: புழுங்கல் அரிசி, கைக்குத்தல், பெரிபெரி, தயமின், குன்னூர், ஜே. சி. குமரப்பா

முன்னுரை

உணவின் தூய்மையை அது எவ்வளவு குறைவாகப் பதப்படுத்தப்பட்டது என்பதைக் கொண்டு அளக்கும் வழக்கம் இன்று வலுப்பெற்றுள்ளது. அரிசியைப் பொறுத்தவரை இவ்வளவுகோல் ஒரு வரலாற்றுக் கதையையும் உடன் சுமந்து வருகிறது. முன்னோர் கைக்குத்தல் அரிசி உண்டனர், ஆலை வந்தது, தவிடு போனது, நோய் வந்தது என்பதே அக்கதை. அதில் உண்மை இல்லாமல் இல்லை. நெல்லின் உமியை அடுத்துள்ள தவிட்டுப் படலத்திலும் முளையிலுமே தயமின் எனப்படும் உயிர்ச்சத்து பி1 செறிந்துள்ளது. அரிசியைத் தீட்டுந்தோறும் அது இழக்கப்படுகிறது. ஆனால் தீட்டிய பச்சரிசி, தீட்டிய புழுங்கல், தீட்டாத பச்சரிசி ஆகிய மூன்றையும் பிரித்துப் பாராமல், ‘பழையது’, ‘புதியது’ என்று இரண்டாக மட்டும் பகுப்பதால் அக்கதை ஓர் இன்றியமையாச் செய்தியைத் தவறவிடுகிறது.

வெண்மையின் பழமை

வெள்ளை அரிசியின் மீதான விருப்பம் ஆலையோடு பிறந்ததன்று. கரிகாலனின் விருந்தோம்பலைப் பாடும் பொருநராற்றுப்படை, அங்குப் பரிமாறப்பட்ட சோறு வரிகள் நீங்குமாறு தீட்டப்பட்டதும் முனை முறியாததுமான அரிசியால் ஆனது எனச் சிறப்பிக்கிறது. அரிசியின் மேலுள்ள வரிக்கு அந்நூல் ‘முரவை’ என்னும் சொல்லை ஆள்கிறது. அவ்வரி போகும்வரை குத்த வேண்டுமாயின் உலக்கை பலமுறை விழுந்திருக்க வேண்டும். அரிசி நொய்யாகாமல் காக்கக் கைத்திறனும் வேண்டும். ஆகவே அது வளமனைக்குரிய அரிசி. சிலப்பதிகார வாழ்த்துக் காதையில் வள்ளைப் பாட்டும் இடம்பெறுகிறது. உலக்கைப் பாட்டு ஓர் இலக்கிய வடிவமாக நிலைபெறும் அளவிற்கு நெல் குத்துதல் அன்றாட வாழ்வில் கலந்திருந்தது.

எளியோர் வீட்டு அரிசியில் தவிடு ஓரளவு எஞ்சியதற்கு உடல்நல அறிவைவிட உழைப்பின் எல்லையே காரணமாக இருந்திருக்க வேண்டும். நாள்தோறும் குத்திச் சமைக்கும் வீட்டில் முரவை போகும்வரை குத்துவதற்கு நேரமும் இல்லை, வலுவும் இல்லை. ஆலை செய்தது என்னவெனில், முன்பு செல்வர்க்கு மட்டுமே வாய்த்த வெண்மையை மலிவாக்கியது. பிரேசிலில் எங்கெல்பர்க் என்பவர் உருவாக்கிய, ‘ஹல்லர்’ என நம்மூரில் வழங்கும் இயந்திரம், உமி நீக்குதலையும் தீட்டுதலையும் ஒரே ஓட்டத்தில் செய்துவிடுவது. எந்த அளவில் நிறுத்துவது என்னும் முடிவு இதன்வழி குத்துபவரின் கையைவிட்டு நீங்கியது.

மலாயாவில் ஒரு முரண்

தீட்டிய அரிசிக்கும் பெரிபெரிக்கும் உள்ள தொடர்பு பத்தாவியாவில் 1890களில் புலப்படத் தொடங்கியது. கிறிஸ்டியான் ஐக்மான், தீட்டிய அரிசியை உண்ட கோழிகளுக்குக் கால்கள் தளர்ந்து நரம்பு நோய் உண்டாவதைக் கண்டார். அரிசியில் நஞ்சு இருப்பதாகவே அவர் முதலில் கருதினார். இல்லாத ஒன்றின் குறைவே நோய்க்குக் காரணம் என்பதை அவரைத் தொடர்ந்த கெரிட் கிரைன்ஸ் 1901இல் எடுத்துரைத்தார். எனினும் நம் பொருளுக்கு நெருக்கமானது பத்தாவியா அன்று, மலாயா.

மலாயாவின் ஈயச் சுரங்கங்களில் உழைத்த சீனர்கள் பெரிபெரியால் பெருமளவில் மடிந்தனர். அதே நாட்டில் தோட்டங்களில் உழைத்த தமிழர்களிடம் அந்நோய் அரிதாகவே காணப்பட்டது. நெகிரி செம்பிலானில் அரசு மருத்துவராக இருந்த பிராடன் 1907இல் வெளியிட்ட நூலில் இவ்வேறுபாட்டை முதன்மைச் சான்றாக்கினார். சீனர்கள் உண்டது சயாமிலிருந்து வந்த, ஆலையில் தீட்டிய பச்சரிசி. மலாய் மக்கள் தாமே விளைவித்து அவ்வப்போது குத்திய அரிசியை உண்டனர். தமிழர்கள் உண்டது புழுங்கல் அரிசி. பிராடன் வகுத்த காரணம் தவறானது. நாள்பட்ட வெள்ளை அரிசியில் நஞ்சு தோன்றுவதாக அவர் நம்பினார். ஆயினும் அவர் காட்டிய மும்முனை ஒப்பீடு தவறானதன்று. கவனிக்க வேண்டியது இதுவே: அன்றைய மலாயாவில் பெரிபெரியிலிருந்து தப்பிய இரு பிரிவினருள் மலாய் மக்கள் ‘குறைந்த பதப்பாட்டு’ அரிசியை உண்டவர்கள், தமிழர்களோ மூவரிலும் மிகுதியான படிகளைக் கடந்த அரிசியை, அதாவது ஊறவைத்து, அவித்து, உலர்த்தி, பின்னர் ஆலையிலும் அரைத்த அரிசியை உண்டவர்கள்.

இவ்வொப்பீட்டைக் கோலாலம்பூர் மனநோயாளர் காப்பகத்தில் வில்லியம் பிளெட்சர் சோதித்தார். நோயாளிகளை இரு பிரிவாக்கி, ஒரு பிரிவினர்க்குச் சயாம் பச்சரிசியும் மற்றொரு பிரிவினர்க்கு இந்தியப் புழுங்கல் அரிசியும் அளித்தார். இடத்தின் தீமையால் நோய் வருகிறதோ என்னும் ஐயத்தை நீக்கப் பிரிவினரின் கட்டடங்களை இடையில் மாற்றவும் செய்தார். நோய் அரிசியைப் பின்தொடர்ந்ததே தவிர, கட்டடத்தை அன்று. 1907இல் ‘லான்செட்’ இதழில் வெளிவந்த இவ்வாய்வு ஊட்டவியல் வரலாற்றில் போற்றப்படுகிறது. தம் இசைவைத் தெரிவிக்க இயலாத மனிதர்கள் நோயுற்று இறக்கும்வரை தொடர்ந்த சோதனை அது என்பதை அப்போற்றுதல்களில் பல கடந்து சென்றுவிடுகின்றன. அடுத்து ஃபிரேசர், ஸ்டான்டன் ஆகியோர் நெகிரி செம்பிலான் காட்டுப் பகுதியில் சாலை அமைத்த ஜாவானியத் தொழிலாளரிடையே இதே முறையில் ஆராய்ந்து, குற்றம் அரிசியின் பழமையிலோ நஞ்சிலோ இல்லை, தீட்டுதலில் உள்ளது என நிறுவினர். 1910இல் மணிலாவில் கூடிய வெப்பமண்டல மருத்துவ மாநாடு இம்முடிவை ஏற்றது. ‘வைட்டமின்’ என்னும் பெயர்க்கு மூலமான சொல்லைக் காசிமிர் ஃபங்க் ஆக்கியது அதற்கும் பின்னர், 1912இல்தான்.

இதனால் மலாயாத் தமிழர் நலமுடன் வாழ்ந்தனர் என்று கொள்ளலாகாது. மலேரியாவும் வயிற்றுக்கடுப்பும் தோட்டங்களில் அவர்களைப் பெருமளவில் கொன்றன. ஒரு நோயிலிருந்து மட்டும், தாம் அறியாமலே, தம் ஊர் அரிசிப் பழக்கத்தால் அவர்கள் தப்பினர்.

குன்னூர் தந்த விளக்கம்

1918இல் குன்னூர்ப் பாஸ்டியர் நிறுவனத்தின் ஓர் அறையில் ராபர்ட் மெக்காரிசன் தொடங்கிய பெரிபெரி ஆய்வு, பத்தாண்டுகளில் ஊட்டச்சத்து ஆய்வுக்கூடமாக வளர்ந்தது. (அது 1958இல் ஐதராபாத்திற்குப் பெயர்ந்து இன்று தேசிய ஊட்டச்சத்து நிறுவனமாக விளங்குகிறது. ஊட்டவியலின் இந்தியத் தொடக்கம் நீலகிரியில் நிகழ்ந்தது என்பது தமிழ் ஆய்வுலகில் உரிய கவனத்தைப் பெறவில்லை.) சென்னை மாகாணத்திற்குள்ளேயே பெரிபெரி ஒரு குறிப்பிட்ட பரப்பில், அதாவது வட சர்க்கார் எனப்பட்ட கடலோரத் தெலுங்கு மாவட்டங்களில் ஊன்றியிருந்தது. அங்கு மக்கள் உண்டது ஆலையில் தீட்டிய பச்சரிசி. தெற்கே, புழுங்கல் உண்ட தமிழ் மாவட்டங்களில் ஆலைகள் பெருகிய பின்னரும் அந்நோய் அவ்வாறு வேரூன்றவில்லை. மலாயாவில் கண்ட முரண் இங்கு ஒரே மாகாணத்தின் இரு பகுதிகளுக்கிடையே மீண்டும் தோன்றியது.

மெக்காரிசனுக்குப் பின் பொறுப்பேற்ற அய்க்ராய்டும் அவருடன் பணியாற்றியவர்களும் 1940இல் வெளியிட்ட இந்திய அரிசிச் சிக்கல் பற்றிய ஆய்வுரை இதனை விளக்கியது. நெல்லை ஊறவைத்து அவிக்கும்போது தவிட்டிலும் முளையிலும் உள்ள தயமின் நீரில் கரைந்து அரிசியின் உட்பகுதிக்குள் செல்கிறது. அவித்து உலர்த்திய மணி இறுகுவதால் தீட்டும்போது எளிதில் நொறுங்குவதும் இல்லை. களைந்து கழுவும்போது பச்சரிசி இழக்கும் அளவிற்குப் புழுங்கல் இழப்பதில்லை.

தேசிய ஊட்டச்சத்து நிறுவனம் 1971இல் வெளியிட்ட இந்திய உணவுகளின் சத்து மதிப்பு அட்டவணை இதனைத் தெளிவாகக் காட்டுகிறது. 100 கிராம் அரிசியில் உள்ள தயமின், ஆலைப் பச்சரிசியில் 0.06 மில்லிகிராம், கைக்குத்தல் பச்சரிசியில் 0.21, ஆலைப் புழுங்கலில் 0.21, கைக்குத்தல் புழுங்கலில் 0.27. கைக்குத்தல் பச்சரிசியும் ஆலைப் புழுங்கலும் இங்குச் சமநிலையில் நிற்கின்றன. இயந்திரமா, கையா என்பதைவிட, புழுக்கியதா, புழுக்காததா என்னும் வேறுபாடே தயமினைப் பொறுத்தவரை முந்தி நிற்கிறது.

புழுங்கலை எல்லாம் தீர்க்கும் மருந்தாகக் கருதுவதும் பிழையாகும். அதே அட்டவணையில் ரைபோஃபிளேவின் கைக்குத்தல் பச்சரிசியில் 0.16 மில்லிகிராம், ஆலைப் புழுங்கலில் 0.05 மட்டுமே. தவிட்டோடு போகும் நாரையும் கொழுப்பையும் புழுக்குதல் மீட்பதில்லை. இந்தியாவின் பல பகுதி உணவுகளை எலிகளுக்கு ஊட்டி ஒப்பிட்ட மெக்காரிசன், கோதுமையும் பாலும் மிகுந்த சீக்கியர் உணவை உயர்நிலையிலும் சென்னை மாகாண உணவைத் தாழ்நிலையிலும் வைத்தார். பெரிபெரியிலிருந்து தப்புதல் வேறு, நிறைவான ஊட்டம் வேறு.

தூய்மையின் இரு பொருள்

தமிழ் வழக்கில் அரிசியின் தூய்மைக்கு முன்பே ஒரு பொருள் இருந்தது. புழுங்கல் ஒருமுறை வெந்தது. ஆதலால் படையலுக்கும் சடங்கிற்கும் ஆகாது. பச்சரிசியே உரியது என்பது இன்றும் நிலவும் வழக்கு. பிராமணர் முதலாய சில சமூகத்தினர் அன்றாடச் சோற்றுக்கும் பச்சரிசியையே கொண்டனர். ஆலை வந்தபின் இத்தூய்மைக் கருத்து ஊட்ட நோக்கில் தலைகீழாகியது: சடங்குத் தூய்மையுடைய வெண்ணிறப் பச்சரிசி தயமின் குறைந்ததாகவும், வயலில் உழைத்தவரின் புழுங்கல் அது மிகுந்ததாகவும் அமைந்தன. பச்சரிசி உண்டவர்களின் இலையில் பருப்பும் பாலும் காய்கறியும் இருந்தமையால் அக்குறை பெரிதும் நிரம்பியிருக்கலாம் என்பது இக்கட்டுரையாளரின் கருத்து. சோறு தவிர வேறு மிகுதியாக இல்லாத வீட்டிலோ அரிசி எவ்வகையினது என்பதே வாழ்வை முடிவு செய்தது. அத்தகைய வீடுகளில் வடித்த கஞ்சியையும் பழையசோற்றின் நீராகாரத்தையும் கொட்டாது குடித்தமை இங்கு ஒப்புநோக்கத்தக்கது. நீரில் கரைந்து வெளியேறும் சத்தின் ஒரு பகுதி அவ்வழியே மீண்டும் உடலைச் சேர்ந்தது.

கைக்குத்தல் இயக்கமும் உலக்கையைப் பிடித்த கையும்

1934 டிசம்பரில் வார்தாவில் அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கம் தோன்றியது. தஞ்சாவூரில் பிறந்த ஜே. சி. குமரப்பா அதன் செயலாளரானார். தீட்டாத அரிசியைப் பரப்புதல் அச்சங்கத்தின் தொடக்ககாலப் பணிகளுள் ஒன்று. காந்தியடிகள் ‘ஹரிஜன்’ இதழில் அதுபற்றித் தொடர்ந்து எழுதினார். சத்து இழப்பு, வேலை இழப்பு என இரண்டையும் ஆலைக்கு எதிராக அவர்கள் ஒருங்கே முன்வைத்தனர். இரண்டாவது வாதமே வலுவானது என இக்கட்டுரையாளர் கருதுகிறார். கூலிக்கு நெல் குத்திய பெண்களுக்கு, குறிப்பாகக் கைம்பெண்களுக்கு, அத்தொழில் அரிசியாகவோ நொய்யாகவோ அன்றன்று உணவளித்தது. ஆலை அதனைப் பறித்தது. மாற்றாக எதனையும் தரவில்லை. விடுதலைக்குப்பின் இயற்றப்பட்ட 1958ஆம் ஆண்டு அரிசி ஆலைத் தொழில் (ஒழுங்குமுறை) சட்டம், புதிய ஆலைகளுக்கு உரிமம் வழங்குவதைக் கட்டுப்படுத்திக் கைக்குத்தலைக் காக்க முனைந்தது. 1997இல் அச்சட்டம் நீக்கப்பட்டபோது காப்பதற்குரிய கைக்குத்தல் தொழில் ஏறத்தாழ எஞ்சியிருக்கவில்லை.

ஆயினும் கூலிக்குக் குத்தியவரும் தம் வீட்டிற்குக் குத்தியவரும் ஒருவரல்லர். பின்னவர்க்கு ஆலை ஒரு விடுதலையாகவே வந்தது. கைக்குத்தல் அரிசியின் சிறப்பை இக்கட்டுரையாளர் தம் பாட்டியிடம் எடுத்துரைத்தபோது அவர் கேட்டது ஒன்றுதான்: “யாரு குத்துனா?” விடியுமுன் இருவர் எதிரெதிர் நின்று மாற்றி மாற்றி உலக்கை போட்டதையும், உள்ளங்கை காய்த்ததையும், ஊருக்கு மில் வந்தபோது தலைச்சுமையாய் நெல்லைக் கொண்டுபோய் வரிசையில் நின்றதையும் அவர் நினைவுகூர்ந்தார். மில் அரிசியில் சுவை குறைவு என்பதை அவர் மறுக்கவில்லை. மீண்டும் குத்த வேண்டும் என்றும் சொல்லவில்லை.

இன்று ‘கைக்குத்தல்’ என்னும் பெயரில் கடைகளில் கிடைக்கும் அரிசி பலவிடங்களில் உலக்கையைக் காணாதது. ரப்பர் உருளை இயந்திரத்தால் உமி மட்டும் நீக்கப்பட்டது. ஊட்ட நோக்கில் அதில் குறையேதும் இல்லை. முன்பு ஒரு பெண்ணின் விடியற்பொழுதை விலையாகக் கொண்ட பொருள் இப்போது மின்சாரத்தால் கிடைக்கிறது. ஆயினும் அதன் விலை ஆலைப் புழுங்கலைவிட மிக அதிகம். நியாயவிலைக் கடையில் வழங்கப்படும் புழுங்கல் அரிசியையே நம்பியுள்ள குடும்பங்களை நோக்கி, ‘தீட்டிய அரிசி நஞ்சு’ என்று கூறுவோர் ஐக்மானும் பிராடனும் கொண்டு, பின்னர் ஆய்வுலகம் கைவிட்ட கருத்தையே மீண்டும் கூறுகின்றனர்.