சகோதரி நிவேதிதா பெண்கள் பள்ளி

சகோதரி நிவேதிதா பெண்கள் பள்ளி கொல்கத்தாவின் பாக்பசார் பகுதியில் உள்ளது. இதனைத் தொடங்கியவர் அயர்லாந்தில் பிறந்த ஆசிரியை மார்கரெட் நோபிள் என்னும் சகோதரி நிவேதிதா (1867 - 1911) ஆவார்.

வரலாறு

பதினேழாம் வயதில் ஆசிரியப் பணி ஏற்ற இவர், பெஸ்டலோசி, புரோபெல் ஆகியோரின் சிறார் கல்விமுறையில் ஈடுபாடு கொண்டிருந்தார். விவேகானந்தரின் அழைப்பை ஏற்று 1898 ஜனவரியில் இந்தியா வந்தார். அதே ஆண்டு நவம்பர் 13 அன்று சாரதா தேவியார் பள்ளியைத் தொடங்கி வைத்தார். பெண் குழந்தைகளை அனுப்பப் பெற்றோர் தயங்கியதால், நிவேதிதா வீடு வீடாகச் சென்று மாணவிகளைச் சேர்த்தார். பாடங்களுடன் தையல், ஓவியம், களிமண் உருவங்கள் செய்தல் ஆகியனவும் கற்பிக்கப்பட்டன. பணமின்மையால் 1899 இல் பள்ளி மூடப்பட்டது. மேலைநாடுகளில் நிதி திரட்டித் திரும்பிய நிவேதிதா, 1902 இல் அதனை மீண்டும் திறந்தார். தம் நூல்களின் வருவாயையும் பள்ளிக்கே செலவிட்டார்.

தமிழகத் தொடர்பு

நிவேதிதாவைச் சந்தித்த சுப்பிரமணிய பாரதியார் அவரைத் தம் குருவாகக் கொண்டார். ஸ்வதேச கீதங்கள் (1908), ஜன்ம பூமி (1909) ஆகிய நூல்களை அவருக்கே காணிக்கையாக்கினார்.