ஞாயிறும் ஆலைச் சங்கும்: வடசென்னைக் கிறிஸ்தவ இளைஞர்கள்

ராயபுரத்திலிருந்து அத்திப்பட்டு வரையிலான கரையோரத்தில் கிறிஸ்தவ இளைஞர்கள் ஆலயத்திலிருந்து விலகுவதற்கு நம்பிக்கைக் குறைவைவிட வேலை நேரமே மூத்த காரணம். இங்கே கோயிலும் பிழைப்பும் சேர்ந்தே வளர்ந்தன. துறைமுகம் இல்லாத காலத்தில் கப்பல்கள் கரைக்கு எட்டத்தில் நங்கூரமிட்டு நிற்க, ஆளையும் சரக்கையும் மசூலாப் படகுகள்தான் அலை தாண்டிக் கொண்டுவந்தன. அவற்றை ஓட்டிய குருகுல வம்சத்துக் கத்தோலிக்கர்கள் 1829இல் எழுப்பியதே ராயபுரம் புனித இராயப்பர் ஆலயம். தொழில், குலம், பங்கு மூன்றும் ஒரே வட்டத்துக்குள் இருந்தன. பூசைக்கு வராத பையனைக் கண்டிக்கச் சாமியார் வரவேண்டியதில்லை. உடன் படகு தள்ளுபவரே போதும்.

1875இல் தொடங்கிய துறைமுகக் கட்டுமானம் 1881 புயலில் சிதைந்து, பின்னர் மீண்டும் எழுந்தது. கப்பல்கள் மேடையை ஒட்டி நிற்கத் தொடங்கியதும் மசூலாப் படகின் காலம் முடிந்தது. படகோட்டியின் பேரனுக்கு மேலே இருந்தவர் குலப் பெரியவர் அல்ல, மேஸ்திரி. எண்ணூரில் அசோக் லேலண்ட், திருவொற்றியூரில் என்ஃபீல்டு, மணலியில் சுத்திகரிப்பு ஆலை என 1948 தொடங்கி இருபது ஆண்டுச் சொச்சத்தில் ஆலைகள் பெருகின. தென்மாவட்டங்களிலிருந்து பிழைக்க வந்த சீர்திருத்த சபைக் குடும்பங்களும் தண்டையார்பேட்டை, வண்ணாரப்பேட்டைப் பகுதிகளில் குடியேறின.

1948ஆம் ஆண்டுத் தொழிற்சாலைச் சட்டம் ஞாயிற்றுக்கிழமையைத்தான் வார விடுமுறை என்றது. ஆனால் முன்பின் மூன்று நாள்களில் ஒன்றை விடுமுறையாகக் கொடுத்துவிட்டு ஞாயிறன்று வேலை வாங்கவும் அதே சட்டம் இடம் தந்தது. அத்திப்பட்டில் இந்தச் சலுகையே வழக்கமாயிற்று. வடசென்னை அனல்மின் நிலையத்தின் முதல் மூன்று அலகுகள், தலா 210 மெகாவாட், 1994 முதல் 1996க்குள் ஓடத் தொடங்கின. 2001இல் எண்ணூர்த் துறைமுகம் திறக்கப்பட்டது. அதன்பின் வள்ளூர் அனல்மின் நிலையம் வந்தது. கொதிகலனை ஞாயிறுக்காக அணைக்க முடியாது. நிலக்கரிக் கப்பல் கிழமை பார்த்து வராது. ஒப்பந்தத் தொழிலாளிக்கு வேலைக்குப் போகாத நாள் கூலியில்லாத நாள். இருபது வயதில் இந்தச் சுழற்சிக்குள் நுழைபவர் இரவு ஷிப்ட் முடித்து வீடு திரும்பும் நேரத்தில், அம்மாவும் தங்கையும் ஆராதனைக்குக் கிளம்பிக்கொண்டிருப்பார்கள். கத்தோலிக்கத் திருச்சபையின் 1983 சட்டத்தொகுப்பு சனி மாலைத் திருப்பலியையும் ஞாயிறு கடமைக்குக் கணக்கில் கொள்கிறது. இரண்டு மணிக்கு உள்ளே போய்ப் பத்து மணிக்கு வெளியே வரும் பி ஷிப்ட்காரருக்கு அதுவும் உதவாது.

ஆலை நகரங்களுக்கு இது புதிதல்ல. 1851இல் இங்கிலாந்தில் எடுத்த வழிபாட்டுக் கணக்கெடுப்பே உழைப்பாளிகள் ஆலயத்துக்கு வெளியே நிற்பதைப் பதிவுசெய்தது. பெல்ஜியத்தில் ஜோசப் கார்டைன் 1925இல் இளம் கிறிஸ்தவத் தொழிலாளர் இயக்கத்தைத் தொடங்கியதும் இதே கவலையால்தான். ஒரு வேறுபாடு உண்டு: அங்கே பலர் காலப்போக்கில் மதத்தையே விட்டனர், இங்கே பெரும்பாலும் விட்டது வருகையை மட்டுமே.

படித்த பிள்ளைகளின் பாதை வேறு. தென்னிந்தியத் திருச்சபையில் ஞாயிறு பள்ளிப் படிப்பு திடப்படுத்தலோடு முடிகிறது. பட்டமளிப்பு விழாவைப் போலவே பலர் அதை எடுத்துக்கொள்கிறார்கள். அதன்பின் ஞாயிறு காலை டியூஷனுக்குப் போகிறது. வாலிபர் சங்கத்தில் எஞ்சியவர்களைத் தரமணியில் 2000இல் திறந்த டைடல் பூங்காவும் பழைய மகாபலிபுரம் சாலையும் நகரின் மறுமுனைக்கு இழுத்துக்கொண்டன. விட்டுப்போனவர் எல்லாம் வீட்டில் இருப்பதாகவும் கொள்ள முடியாது. டிரம்ஸும் கிட்டாரும் ஒலிக்கும் பெந்தெகொஸ்தே சபைகளுக்குப் போய்க்கொண்டே, பெயரைத் தாய்ச்சபைப் பதிவேட்டில் வைத்திருப்பவர்கள் உண்டு. சந்தா, தேர்தல், வழக்கு என்று பெரியவர்கள் பேசுவதைக் கேட்டு வளர்ந்தவர்கள் அந்தப் பக்கம் சாய்வதில் வியப்பில்லை.

ஆயர்கள் மேடையில் அதிகம் பேசாத காரணம் ஒன்று உண்டு. 1950ஆம் ஆண்டுப் பட்டியல் சாதியினர் ஆணையின்படி கிறிஸ்தவருக்கு அந்தத் தகுதி கிடையாது. சீக்கியருக்கு 1956இலும் பௌத்தருக்கு 1990இலும் கதவு திறந்தது, கிறிஸ்தவருக்குத் திறக்கவில்லை. தமிழ்நாட்டில் தலித் கிறிஸ்தவர் பிற்படுத்தப்பட்டோர் பட்டியலில் இருக்கிறார்கள். இந்துவாகப் பதிந்து பெற்ற பட்டியல் சாதிச் சான்றிதழை நம்பிக் கல்லூரிக்கோ அரசு வேலைக்கோ விண்ணப்பிக்கும் வயதில், சபைப் பதிவேட்டில் பெயர் இருப்பதே ஆபத்தாகிறது. அந்த இளைஞர் ஒதுங்கி நிற்பதை அலட்சியம் என்று சொல்வது நியாயமல்ல.

கொரோனா காலத்தில் வருகை இன்னும் தளர்ந்தது. 2021இல் தமிழக அரசு வெள்ளி, சனி, ஞாயிறு மூன்று நாள்களும் வழிபாட்டுத் தலங்களை மூடியபோது மற்ற நாள்களில் கதவு திறந்திருந்தும் கிறிஸ்தவருக்குப் பயனில்லை. செல்பேசியில் திருப்பலி பார்க்கும் பழக்கம் அதன்பிறகும் பல வீடுகளில் தொடர்ந்தது.

ஆனாலும் பெயரை நீக்கச் சொல்லிக் கேட்பவர் அரிது. திருமணத்துக்கு முன் மூன்று ஞாயிறு அறிவிப்பு ஓலை வாசிக்கவும், காசிமேடு கல்லறையில் இடம் கேட்கவும் சபையின் சான்று வேண்டும். 1991 கணக்கெடுப்பில் தமிழ்நாட்டு மக்களில் 5.69 விழுக்காடாக இருந்த கிறிஸ்தவர் 2011இல் 6.12 விழுக்காடு ஆயினர். ஞாயிறு ஆராதனைக்கு வராத இளைஞரும் அந்த எண்ணிக்கைக்குள் இருக்கிறார்.