வடிவமைப்பு மென்பொருள்களில் உரிமச் சரிபார்ப்புத் தேக்கம்

உரிமச் சரிபார்ப்புத் தேக்கம் என்பது கணினிவழி வடிவமைப்பு மென்பொருள் ஒன்று திறக்கப்படும்பொழுது, தனது பயன்பாட்டு உரிமத்தைச் சரிபார்க்கும் கட்டத்தில் முன்னேறாமல் நின்றுவிடும் நிலையாகும். தொடக்கப் படம் திரையில் தோன்றும். அதன் அடியில் உரிமம் சரிபார்க்கப்படுவதாக ஒரு வரி தெரியும். பின்னர் சில நொடிகள் முதல் பல நிமிடங்கள் வரை எதுவும் நடவாது. சில வேளைகளில் மென்பொருள் தாமதமாகத் திறந்துகொள்ளும். சில வேளைகளில் பிழைச் செய்தியுடன் மூடிக்கொள்ளும். கட்டட வரைபடம், எஃகுக் கட்டமைப்பு, எந்திரப் பாகம், மின்சுற்று, சில்லு வடிவமைப்பு ஆகிய துறைகளின் மென்பொருள்களில் இது பரவலாகக் காணப்படுகிறது. விலை மிகுந்த இம்மென்பொருள்களை நிறுவனங்கள் ஒவ்வொரு கணினிக்கும் வாங்காமல், குறிப்பிட்ட எண்ணிக்கையில் வாங்கிப் பகிர்ந்துகொள்வதே இதன் அடிப்படைக் காரணம்.

வரலாறு

தொடக்க காலத்தில் உரிமக் கட்டுப்பாடு வன்பூட்டு வழியாக நடைபெற்றது. டாங்கிள் என்று வழங்கப்படும் இச்சிறு கருவி கணினியின் அச்சுப்பொறிப் போர்ட்டிலும், பின்னாளில் யு.எஸ்.பி. போர்ட்டிலும் செருகப்பட்டது. கருவி இல்லையேல் மென்பொருள் திறக்காது. கருவி தொலைந்துபோனால் மென்பொருளே தொலைந்ததற்கு ஒப்பாகும் என்பதால் பல அலுவலகங்களில் அதை மாலையில் கழற்றி அலமாரியில் வைத்துப் பூட்டுவது வழக்கம்.

பணிநிலையங்கள் வலையமைப்பில் இணைக்கப்பட்டபின் மிதவை உரிமம் என்னும் முறை பரவியது. இதில் உரிமங்கள் ஒரு வழங்கியில் வைக்கப்பட்டிருக்கும். மென்பொருளைத் திறப்பவர் ஓர் உரிமத்தை இரவல் பெறுவார். மூடும்பொழுது அது வழங்கிக்குத் திரும்பும். நூலகத்தில் ஐந்து படிகள் உள்ள நூலை ஐம்பது உறுப்பினர்கள் மாறிமாறிப் படிப்பதைப் போன்றதே இது. இம்முறையின் மிகப் பெரிய செயலாக்கமான ஃபிளெக்ஸ்-எல்.எம். 1988இல் வெளிவந்தது. இதை உருவாக்கிய நிறுவனங்களுள் ஒன்றான குளோப்டிராட்டரை 2000ஆம் ஆண்டில் மேக்ரோவிஷன் வாங்கியது. பின்னர் இத்தொழில்நுட்பம் 2008இல் அக்ரெசோ, 2009இல் ஃபிளெக்செரா என்னும் பெயர்களின் கீழ் வந்தது. பொருளின் பெயரும் ஃபிளெக்ஸ்நெட் ஆயிற்று. நிறுவனப் பெயர்கள் மாறினாலும் உட்பொறிமுறை அதிகம் மாறவில்லை. எனவே பழைய கையேடுகள் இன்றும் பயன்படுகின்றன.

மூன்றாவது கட்டத்தில் உரிமம் கணினிக்கு மாறாகப் பயனரின் பெயரோடு கட்டப்பட்டது. ஆட்டோகேட் மென்பொருளின் தயாரிப்பாளரான ஆட்டோடெஸ்க், 2020 ஆகஸ்ட் 7 முதல் பல்பயனர்ச் சந்தாக்களைப் படிப்படியாகப் பெயருரிமைச் சந்தாக்களாக மாற்றத் தொடங்கியது. இவற்றில் உரிம வழங்கி அலுவலகத்தில் இராது, தயாரிப்பாளரிடம் இருக்கும். கணினி குறைந்தது 30 நாட்களுக்கு ஒரு முறையேனும் இணையத்தில் இணைந்து உரிமத்தைப் புதுப்பித்துக்கொள்ள வேண்டும். தொலைவிலுள்ள வழங்கி நின்றால் நேரும் விளைவை 2014 மே மாதத்தில் அடோபி நிறுவனத்தின் பயனர்கள் கண்டனர். பராமரிப்புப் பணியின்போது ஏற்பட்ட கோளாறால் அந்நிறுவனத்தின் உள்நுழைவுச் சேவை ஒரு நாளுக்கும் மேலாக முடங்கியது.

செயல்படும் முறை

தேக்கம் எங்கே ஏற்படுகிறது என்பதை அறிய, ஃபிளெக்ஸ்நெட் முறையில் உரிமம் பெறப்படும் வரிசையை அறிந்திருத்தல் வேண்டும். மென்பொருள் முதலில் எந்த வழங்கியைக் கேட்பது என்று தேடும். இத்தகவல் சூழல் மாறியிலோ, விண்டோசின் பதிவகத்திலோ, லினக்சில் பயனரின் இல்ல அடைவிலுள்ள மறை கோப்பிலோ இருக்கும். அடுத்து வழங்கியின் பெயர் டி.என்.எஸ். மூலம் ஐ.பி. முகவரியாக மாற்றப்படும். பின்னர் அம்முகவரியில், வழக்கமாக 27000 முதல் 27009 வரையிலான ஒரு போர்ட்டில், தலைமைக் காவல் நிரல் தொடர்புகொள்ளப்படும்.

இந்தத் தலைமை நிரல் உரிமம் எதையும் தானே வழங்குவதில்லை என்பதே பலரும் கவனிக்கத் தவறும் செய்தி. அது, தொடர்புடைய மென்பொருள் நிறுவனத்தின் தனி நிரல் எந்தப் போர்ட்டில் இயங்குகிறது என்பதை மட்டும் சொல்லி அங்கே அனுப்பிவைக்கும். உரிமம் தருவது அந்த இரண்டாம் நிரலே. உரிமக் கோப்பில் இரண்டாம் நிரலுக்கென ஒரு போர்ட் எண் எழுதப்படாவிட்டால், வழங்கி ஒவ்வொரு முறை தொடங்கும்பொழுதும் அது வெவ்வேறு எண்ணை எடுத்துக்கொள்ளும். தீச்சுவரில் 27000 மட்டும் திறந்துவிடப்பட்டிருந்தால், முதல் கதவு திறக்கும். இரண்டாம் கதவில் மென்பொருள் காத்து நிற்கும். நேற்று வரை வேலை செய்தது இன்று நின்றது என்னும் முறையீடுகளுள் கணிசமானவை இவ்வாறு எழுபவையே. இரண்டாம் நிரலுக்கு நிலையான போர்ட் எண்ணை உரிமக் கோப்பில் எழுதி, தீச்சுவரில் இரு எண்களையும் திறந்துவிடுவது இதற்குத் தீர்வாகும்.

காத்திருப்பின் நீளமும் ஒரு தடயமாகும். தீச்சுவர் வேண்டுகோளை மறுத்து விடையனுப்பினால் மென்பொருள் உடனே அடுத்த முகவரிக்குச் சென்றுவிடும். விடையே அனுப்பாமல் விழுங்கிவிட்டால், விண்டோசின் வழமையான அமைப்பில் 3, 6, 12 நொடிகள் என மூன்று முறை காத்திருந்து, மொத்தம் 21 நொடிகளுக்குப் பின்னரே கைவிடும். சரியாக இருபது நொடியளவு தேங்கிப் பின்னர் திறக்கும் மென்பொருளின் பட்டியலில், இப்போது இயங்காத பழைய வழங்கி ஒன்றின் பெயர் இருக்கக்கூடும் என்று ஐயுறலாம். மூன்று பழைய பெயர்கள் இருந்தால் ஒரு நிமிடத்துக்கும் மேல் வீணாகும். பதிவகம் ஒருமுறை வெற்றியளித்த முகவரியை நினைவில் வைத்துக்கொள்வதால், சூழல் மாறியைத் திருத்திய பின்பும் இப்பெயர்கள் அங்கே எஞ்சியிருக்கும்.

திருச்சிராப்பள்ளியில்

திருச்சிராப்பள்ளி வட்டாரத்தில் இச்சிக்கல் தொழிலையும் கல்வியையும் ஒருசேரத் தொடுகிறது. 1960களில் திருவெறும்பூரில் தொடங்கப்பட்ட பாரத மிகு மின் நிறுவனத்தின் கொதிகலன் ஆலையைச் சுற்றி, துவாக்குடி முதலான இடங்களில் எஃகுக் கட்டுமானப் பட்டறைகள் பெருகின. இத்தகைய பட்டறைகளில் வரைபடமே முதல் வேலை. வரைபடம் வராமல் தகடு வெட்ட இயலாது. எனவே உரிம வழங்கி அரை நாள் நின்றால் பற்றவைப்போர் வரை வேலை நிற்கும். சிறு பட்டறைகளில் உரிம வழங்கிக்கெனத் தனிக் கணினி வைப்பதில்லை. கணக்கர் பயன்படுத்தும் கணினியே வழங்கியாகவும் இருக்கும். அவர் விடுப்பில் சென்றால் யாருக்கும் மென்பொருள் திறக்காது. வேடிக்கையாகத் தோன்றினும், கோளாறு தேடுபவர் முதலில் கேட்க வேண்டிய கேள்விகளுள் இதுவும் ஒன்று.

1964இல் மண்டலப் பொறியியற் கல்லூரியாகத் தொடங்கி 2003இல் தேசிய தொழில்நுட்பக் கழகமாக மாறிய நிறுவனமும் தஞ்சாவூர்ச் சாலையிலேயே அமைந்துள்ளது. இத்தகைய கல்வி நிறுவனங்களில் சில்லு வடிவமைப்பு மென்பொருள்களின் உரிமங்கள் நடுவண் அரசின் திட்டங்கள் வழியாகக் கிடைக்கின்றன. நடுவண் அரசின் சில்லு வடிவமைப்புப் பயிற்சித் திட்டத்தில், பெங்களூருவிலுள்ள சி-டாக் நிறுவனத்தின் சிப்இன் மையம் நாடெங்கும் உள்ள கல்லூரிகளுக்கு இம்மென்பொருள்களைத் தொலைவிலிருந்து வழங்குகிறது. ஒவ்வொரு கல்லூரியும் தனித்தனியே கோடிக்கணக்கில் செலவிட வேண்டாம் என்பது இதன் பெரும் நன்மை. ஆயின் சரிபார்ப்பு பல நூறு கிலோமீட்டர் கடந்து நடப்பதால், இடையிலுள்ள எந்தக் கண்ணி அறுந்தாலும் ஆய்வகம் நிற்கும். தேர்வுக்கு முந்தைய வாரத்தில் உரிமங்கள் அனைத்தும் எடுக்கப்பட்டுவிட்டதாக வரும் -4 என்னும் பிழை எண்ணைத் தேக்கத்தோடு குழப்பிக்கொள்ளலாகாது. அங்கே வழங்கி நலமாகவே உள்ளது, உரிமங்கள்தான் தீர்ந்துபோயின. சில மென்பொருள்கள் இந்நிலையில் பிழை காட்டாமல் வரிசையில் காத்திருக்குமாறு அமைக்கப்பட்டிருக்கும். அப்போது பார்ப்பவருக்கு அதுவும் தேக்கமாகவே தோன்றும்.

மின்வெட்டும் கடிகாரமும்

தமிழ்நாட்டில் 2008 முதல் சில ஆண்டுகள் நிலவிய மின் பற்றாக்குறை இங்கு தனியே குறிப்பிடத்தக்கது. 2012இல் சென்னைக்கு வெளியே பல ஊர்களில் நாளொன்றுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்சாரம் இல்லை. மின்வெட்டு உரிம முறையை மூன்று வழிகளில் பாதிக்கிறது.

முதலாவது, மின்சாரம் திரும்பும்பொழுது வலையமைப்புக் கருவிகள் எழும் முன்னரே வழங்கி எழுந்துவிட்டால் உரிம நிரல் தன் முகவரியைக் காணாது தோல்வியுறும். பின்னர் தானாக மீண்டும் முயலாது. அதைக் கையால் மறுதொடக்கம் செய்ய வேண்டும், அல்லது தாமதித்துத் தொடங்குமாறு அமைக்க வேண்டும்.

இரண்டாவது, மென்பொருள் திறந்திருக்கும்பொழுதே பயனரின் கணினி அணைந்தால், அவர் பெற்ற உரிமம் வழங்கியின் கணக்கில் அவர் பெயரிலேயே நிற்கும். இணைப்பு இறந்துவிட்டதை உறுதிசெய்ய இயங்குதளங்கள் வழமையாக இரண்டு மணி நேரம் எடுத்துக்கொள்கின்றன. ஐந்து உரிமங்கள் உள்ள அலுவலகத்தில் ஐவரும் ஒரே நேரத்தில் மின்சாரம் இழந்தால், திரும்பி வந்த ஐவருக்கும் உரிமம் கிட்டாமல் போகக்கூடும். நிர்வாகி அவற்றைக் கட்டளை மூலம் விடுவிக்கலாம்.

மூன்றாவது, பழைய கணினிகளில் தாய்ப்பலகையின் சிறு மின்கலம் தீர்ந்திருந்தால், மின்சாரம் போனதும் கடிகாரம் பல ஆண்டுகள் பின்னோக்கிச் சென்றுவிடும். காலாவதியான உரிமத்தை நீட்டிக்கச் சிலர் கடிகாரத்தைப் பின்தள்ளுவது உண்டு என்பதால், மென்பொருள் இதனை ஏமாற்று முயற்சியாகவே கருதி -88 என்னும் பிழையைத் தரும். தேதியைத் திருத்துவது மட்டும் சில வேளைகளில் போதாது. தவறான தேதியில் உருவாகிய கோப்புகள், குறிப்பாக எதிர்காலத் தேதி பதிந்தவை, வன்தட்டில் எஞ்சியிருக்கும் வரை ஐயம் நீங்காது. சில பத்து ரூபாய் விலையுள்ள மின்கலத்தை மாற்றுவது இதற்குரிய மருந்து.

திருவரங்கத்திலிருந்து இணைதல்

2020 மார்ச் மாத இறுதியில் ஊரடங்கு அறிவிக்கப்பட்டபின் பொறியாளர்களும் மாணவர்களும் வீட்டிலிருந்தே வேலை செய்ய நேர்ந்தது. காவிரிக்கும் கொள்ளிடத்துக்கும் இடையிலுள்ள திருவரங்கத்துக்கும் துவாக்குடிக்கும் தொலைவு குறைவே. ஆயினும் வீட்டு இணைப்பிலிருந்து வி.பி.என். வழியாகச் செல்லும் வேண்டுகோள் வெளியூர்களைச் சுற்றிவரக்கூடும். ஃபிளெக்ஸ்நெட் மென்பொருள்கள் விண்டோசில், மேற்கூறிய பத்து போர்ட்களில் வழங்கியின் விடைக்காக வழமையாக 1,00,000 மைக்ரோநொடி, அதாவது ஒரு நொடியில் பத்தில் ஒரு பங்கு மட்டுமே காத்திருக்கும். அலுவலகத்துக்குள் இது மிகுதி. கைபேசி இணைப்பில் போதாது. இதற்கெனவுள்ள சூழல் மாறியில் 50,00,000 என்று, அதாவது ஐந்து நொடி, அமைத்தால் பெரும்பாலும் தீரும். வி.பி.என். இணையும் முன்பே மென்பொருளைத் திறப்பதும், அலுவலகப் பெயர்களை வீட்டு டி.என்.எஸ். அறியாதிருப்பதும் பிற காரணங்கள். பெயருக்கு மாறாக ஐ.பி. முகவரியையே எழுதிப் பார்த்தால் இரண்டாவது காரணம் உடனே தெளிவாகும்.

கோளாறு கண்டறிதல்

மென்பொருள் திறக்காவிடில் பலரும் முதலில் அதை நீக்கி மீண்டும் நிறுவுகின்றனர். அரை நாள் செலவாகும் இம்முயற்சி பெரும்பாலும் பயனற்றது. உரிமத் தரவுகள் மென்பொருளின் அடைவுக்கு வெளியே சேமிக்கப்படுவதால், நீக்கிய பின்பும் அவை அப்படியே இருக்கும். மாறாக, முதலில் மையச் செயலகத்தின் பயன்பாட்டைப் பார்க்க வேண்டும். அது உயர்ந்திருந்தால் மென்பொருள் ஏதோ வேலை செய்துகொண்டிருக்கிறது. சுழியத்தில் இருந்தால் யாருடைய விடைக்கோ காத்திருக்கிறது. யாருக்காக என்பதை நெட்ஸ்டாட் கட்டளை காட்டும். வேண்டுகோள் அனுப்பப்பட்டு விடை வராத நிலையில் நிற்கும் முகவரியே குற்றவாளி.

அங்கிருந்து வரிசையாகச் செல்லலாம்: பெயர் முகவரியாகிறதா, போர்ட் திறந்திருக்கிறதா, உரிம நிலை காட்டும் கட்டளைக்கு வழங்கி விடை தருகிறதா. -15 என்பது வழங்கியை அடைய இயலாமையையும், -97 என்பது இரண்டாம் நிரல் இயங்காமையையும் குறிக்கும். -9 வந்தால் உரிமக் கோப்பிலுள்ள வலையட்டை முகவரி கணினியோடு பொருந்தவில்லை. தாய்ப்பலகையையோ வலையட்டையையோ மாற்றிய பின் இது வரும்.

இணையமே இல்லாத ஆய்வகங்களில் வேறொரு காரணம் உண்டு. விண்டோசு, மென்பொருள் கோப்புகளின் மின்னணுச் சான்றிதழ் திரும்பப் பெறப்பட்டுள்ளதா என்பதை இணையத்தில் சரிபார்க்க முயன்று காத்திருக்கும். இது உரிமச் சரிபார்ப்பு அன்று. ஆயினும் அதே கட்டத்தில் நிகழ்வதால் பழி உரிமத்தின் மேல் விழுகிறது.

முறையற்ற படிகள்

முன்பு பூட்டுடைத்த படி பயன்படுத்தப்பட்ட கணினியில் முறையான மென்பொருள் வாங்கி நிறுவும்பொழுது தேக்கம் ஏற்படுவது மிகவும் வழக்கமானது. பூட்டுடைப்பு நிரல்கள், தயாரிப்பாளரின் உரிம வழங்கியை அடைய முடியாதபடி ஹோஸ்ட்ஸ் கோப்பில் அதன் பெயரை 127.0.0.1 என்னும் முகவரிக்குத் திருப்பிவிட்டிருக்கும். பழைய மென்பொருள் நீக்கப்பட்ட பின்பும் அவ்வரிகள் நீங்குவதில்லை. பணம் கொடுத்து வாங்கியவரின் கணினி தன்னிடமே உரிமம் கேட்டு நிற்கும். அக்கோப்பைத் திறந்து அவ்வரிகளை நீக்கினால் போதும். இந்தியப் பதிப்புரிமைச் சட்டத்தின் 63பி பிரிவு, முறையற்ற படியென அறிந்தே கணினி நிரலைப் பயன்படுத்துவதற்கு ஏழு நாள் முதல் மூன்று ஆண்டு வரை சிறைத் தண்டனையும் 50,000 ரூபாய் முதல் 2 இலட்சம் ரூபாய் வரை தண்டமும் விதிக்கிறது. தொழில்நுட்பப் பூட்டுகளை உடைப்பதைத் தண்டிக்கும் 65ஏ பிரிவு 2012ஆம் ஆண்டுத் திருத்தத்தில் சேர்க்கப்பட்டது.

உரிம வழங்கி தேவைப்படாத கட்டற்ற மென்பொருள்களும் உள்ளன. ஃபிரீகேட், லிப்ரேகேட், மின்சுற்றுக்கான கைகேட் ஆகியவற்றோடு, இந்திய எஃகுக் கட்டமைப்புத் தர விதியான ஐ.எஸ். 800:2007ஐ ஒட்டி மும்பை இந்திய தொழில்நுட்பக் கழகத்தில் உருவாக்கப்பட்ட ஓஸ்டாக் மென்பொருளும் மாணவர்களுக்கு ஏற்றது. ஆனால் வாடிக்கையாளர் ஒரு குறிப்பிட்ட கோப்பு வடிவத்திலேயே வரைபடம் கேட்கும் பட்டறைகளுக்கு இத்தெரிவு எப்போதும் கைகூடுவதில்லை.