அசெம்பிளி லைனில் 34 ஆண்டுகள்

"தொழிற்சாலைக்குள் சாதி இல்லை" என்று நமக்குத் திரும்பத் திரும்பச் சொல்லப்படுகிறது. எஞ்சின் பொருத்தும் பிரிவில் 34 ஆண்டுகள் வேலை பார்த்து ஓய்வுபெற்ற வடசென்னைப் பெரியவர் ஒருவரிடம் இதைக் கேட்டோம். சிரித்தார். "லைன்ல சாதி இல்லப்பா. நான் மாட்டி அனுப்புனத அடுத்தவன் தொட்டுத்தான் ஆகணும். சங்கத்துல பாரு, கொடி கட்ட நம்மளக் கூப்புடுவாங்க. மேடையில ஏத்த மாட்டாங்க" என்றார்.

"தொட்டுத்தான் ஆகணும்" என்ற நிலை தானாக வந்துவிடவில்லை. பம்பாய்ப் பஞ்சாலைகளில் கூலி அதிகம் கிடைத்தது நெசவுப் பிரிவில்தான். அங்கே தீண்டப்படாத மக்களுக்கு இடமில்லை. நூல் தீர்ந்து புதுக் கண்டு மாட்டும்போது, நூல்முனையை நாடாவின் துளை வழியே வாயால் உறிஞ்சி எடுக்க வேண்டும். தலித்தின் வாய் பட்ட நாடாவைத் தொட மற்றவர்கள் மறுத்தார்கள். மறுத்தவர்கள் முதலாளிகள் அல்ல, சக தொழிலாளர்கள். 1928இல் பம்பாயில் மாபெரும் பஞ்சாலை வேலைநிறுத்தம் நடந்தபோது, எல்லாப் பிரிவுகளிலும் நம் மக்களுக்கு வேலை வேண்டும் என்பதையும் கோரிக்கைகளில் சேர்க்கச் சொல்லிச் சங்கத் தலைவர்களோடு போராடியவர் அண்ணல் அம்பேத்கர். அவரே 1942 முதல் 1946 வரை வைசிராய் நிர்வாகக் குழுவில் தொழிலாளர் துறையைக் கவனித்தார். வாரத்துக்கு 54 மணி நேரமாக இருந்த ஆலை வேலையை 48 ஆகக் குறைக்கும் மசோதாவை 1946இல் கொண்டுவந்தவரும் அவர்தான். எட்டு மணி நேர ஷிப்டில் நாம் பஞ்ச் அடிக்கும்போது இந்த வரலாறும் நம்மோடு உள்ளே போகிறது.

பெரியவர் முதல் நான்கு ஆண்டுகள் டெம்பரரி. பிறகு பெர்மனென்ட் ஆனார். அந்தச் சம்பளத்தில் கூரை வீடு மாடி வீடானது. மகள் அந்தத் தெருவின் முதல் பட்டதாரி ஆனார். பி.எஃப்., இ.எஸ்.ஐ., கிராஜுவிட்டி எல்லாம் அவர்களுக்கு வெறும் சட்டப் பிரிவுகள் அல்ல. ஊர்க்காரன் எவனிடமும் கைகட்டி நிற்காமல் வாழ்ந்த வாழ்க்கை.

அவருடைய மகன் இன்று ஒரகடத்தில் அதே அசெம்பிளி வேலைதான் பார்க்கிறார். ஒன்பது ஆண்டுகளில் மூன்று காண்ட்ராக்டர்கள் மாறிவிட்டார்கள். ஒருமுறைகூட பெர்மனென்ட் ஆகவில்லை. 1970ஆம் ஆண்டின் ஒப்பந்தத் தொழிலாளர் சட்டத்தின் பெயரிலேயே 'ஒழிப்பு' என்ற சொல் இருந்தது. ஒப்பந்த முறை ஒழியவில்லை. தனியார் ஆலைகளில் இடஒதுக்கீடும் இல்லை. ஒரு தலைமுறை ஏறி வந்த படியில் அடுத்த தலைமுறைக்குக் கால் வைக்க இடமில்லை. தனியார் துறை இடஒதுக்கீடும் காண்ட்ராக்ட் ஒழிப்பும் வேறு வேறு கோரிக்கைகள் அல்ல என்று நாம் சொல்வது இதனால்தான்.

தோழர்களே, நம் தெருக்களில் ஓய்வுபெற்ற ஆலைத் தொழிலாளர்கள் இன்னும் இருக்கிறார்கள். எந்த ஆண்டு சேர்ந்தார்கள், யார் சேர்த்துவிட்டார்கள், எந்தப் பிரிவில் போட்டார்கள், சங்கம் அவர்களை எப்படி நடத்தியது என்று உட்கார்ந்து கேளுங்கள், எழுதி வையுங்கள். நாங்கள் கிளம்பும்போது பெரியவர் பீரோவைத் திறந்து ஒரு பிளாஸ்டிக் உறையை எடுத்துக் காட்டினார். உள்ளே மடிப்புக் கிழியாமல் அவருடைய பெர்மனென்ட் ஆர்டர் இருந்தது. மகனிடம் காட்ட அப்படி ஒரு காகிதம் இல்லை.